தலை இங்கே, விரல் எங்கே?

பூனாவில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

போன பங்குனி உத்திரத்தன்று கிர்க்கியில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று இளைஞர்கள். மூவருக்கும் ஐடி வேலை, ஹிஞ்சவடிக்குப் போய்வருகிறவர்கள். பேச்சு தொகுதி மறுவரையறை பற்றி. தமிழ்நாட்டுக்கு 39 நிற்குமா, குறையுமா, உத்தரப்பிரதேசத்துக்கு எத்தனை கூடும் என்று காரசாரமாக விவாதித்தார்கள். புள்ளிவிவரம் எல்லாம் விரல்நுனியில் இருந்தது. கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாம்பார் வாளி எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, இங்க உங்க எம்.பி. யாரு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பூனாவின் மத்திய இணை அமைச்சர் பெயரைச் சொன்னார். மூவரும் குடியிருப்பது வாக்கடில். அது அந்த அமைச்சரின் தொகுதியே இல்லை. இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "நமக்கு ஓட்டு திண்டுக்கல்ல இருக்கு சார்" என்றார்.

அந்தச் சிரிப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1979-ல் வேலை தேடி இங்கே வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன் என்ற உரிமையில் உங்களிடம் சில விஷயங்களை நேராகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. 2023 மார்ச் 29 முதல் 2024 ஜூன் வரை பூனா தொகுதிக்கு மக்களவையில் ஆளே இல்லை. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எம்.பி. கிரீஷ் பாபட் அந்த மார்ச் 29 அன்று காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் வந்து, கஸ்பா இடைத்தேர்தல் பிரசாரத்தில் உட்கார்ந்திருந்தார். கஸ்பா, சிஞ்ச்வட் சட்டமன்ற உறுப்பினர்கள் இறந்து இரண்டு மாதம் போலத்தான் ஆகியிருந்தது, அதற்குள் இரண்டு இடத்துக்கும் இடைத்தேர்தல் வந்துவிட்டது. மக்களவை இடத்துக்கு மட்டும் வரவில்லை. ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. எஞ்சிய பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தாலோ, தேர்தல் நடத்துவது கஷ்டம் என்று ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று தந்தாலோதான் விலக்கு. இங்கே எஞ்சியிருந்த காலம் ஒரு வருஷத்துக்கும் மேல். பொதுத் தேர்தல் வேலையில் இருக்கிறோம், ஜெயிப்பவருக்குக் கொஞ்ச காலமே கிடைக்கும் என்று ஆணையம் காரணம் சொன்னது.

பூனாவாசி ஒருவர் வழக்குப் போட்டார். 2023 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, உடனே தேர்தல் நடத்தச் சொன்னது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பதினான்கு மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மாநகராட்சியிலும் அதே கதை: 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, அதிகாரிகள் ஆட்சியில் கிடந்து, 2026 ஜனவரியில்தான் தேர்தல் வந்தது. ஆக, ஒரு வருஷத்துக்கு மேல் பூனாக்காரனுக்கு நகர்சேவக்கும் (மாநகராட்சி உறுப்பினர்) இல்லை, காஸ்தாரும் (எம்.பி.) இல்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில் நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினோமா? நான் போன கூட்டங்களில் பேசவில்லை. தீபாவளிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கவில்லை என்று புலம்பினோம். கூடுதல் ரயில் விடச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேட்டபோதுதான், கொடுப்பதற்கே ஆள் இல்லை என்பது சிலருக்கு உறைத்தது. வீட்டில் விளக்கு அணைந்தது தெரியாதவன், அந்த வீட்டில் குடியிருப்பவன்தானா?

அடுத்த விஷயம். "பூனா எம்.பி." என்று ஒருவர்தான் நம் எல்லோருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2008 மறுவரையறைக்குப் பிறகு பூனா மாவட்டம் நான்கு மக்களவைத் தொகுதிகளில் கிடக்கிறது: பூனா, மாவள், ஷிரூர், பாராமதி. கிர்க்கி, ராஸ்தா பேட், கேம்ப், விமான் நகர், கராடி, ஔந்த், பானேர் எல்லாம் பூனா தொகுதி. இப்போது முரளிதர் மோஹோல். வாக்கட், பிம்ப்ரி, சிஞ்ச்வட், தேஹு ரோடு எல்லாம் மாவள் தொகுதி. அங்கே ஸ்ரீரங் பார்ணே. ஹடப்சர், மகர்பட்டா, போஸரி எல்லாம் ஷிரூர். அங்கே அமோல் கோல்ஹே. சிங்ஹகட் ரோடு, தனகவாடி, ஹிஞ்சவடி ஆகியவை பாராமதி. அங்கே சுப்ரியா சுலே.

ஒரு தம்பதி வாக்கடில் குடியிருந்து, மனைவிக்கு ஹிஞ்சவடியிலும் கணவனுக்கு மகர்பட்டாவிலும் வேலை என்றால், இருவரும் சேர்ந்து ஒரே நாளில் மூன்று எம்.பி.க்களின் எல்லையைத் தொட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஹிஞ்சவடி நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு "இந்த ஊர் எம்.பி. என்னதான் பண்றாரு" என்று ட்விட்டரில் திட்டுகிறீர்கள். திட்டுங்கள், ஆனால் சரியான முகவரிக்குத் திட்டுங்கள். ஹிஞ்சவடி போர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. பெயருக்குரிய பாராமதி ஊர் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மாவள் தொகுதி இன்னும் வினோதம்: பிம்ப்ரி தொழிற்சாலையில் தொடங்கி, கண்டாலா மலையை இறங்கி, பன்வேல் தாண்டி உரண் கடற்கரை வரை போகிறது. தேஹு ரோடு தமிழரும் உரண் மீனவரும் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இந்தக் கோடுகளை யார் போட்டார்கள், ஏன் இப்படிப் போட்டார்கள் என்று கேட்க, கோட்டுக்கு எந்தப் பக்கம் நாம் இருக்கிறோம் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் மராத்திக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று சொல்லாதீர்கள். இந்த ஊரிலிருந்து தேசிய சபைக்குப் போனவர்களின் வரிசையைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள், நம் ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

மக்கள் ஓட்டுப் போடுகிற காலத்துக்கு முன்பே பூனாவின் குரலாக வைஸ்ராயின் சட்டசபையில் பேசியவர் கோபால கிருஷ்ண கோகலே. பம்பாய் மாகாண சபையின் அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் வந்தால் உப்பு வரியையும் ராணுவச் செலவையும் பிடித்துக் கேள்வி கேட்டார். 1911-ல் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்விக்கு மசோதா கொண்டுவந்தார். மறு வருஷம் அது தோற்கடிக்கப்பட்டது. அவர் 1905-ல் பூனாவில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில், வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்த ஒரு தமிழர் 1907-ல் சேர்ந்தார். வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. 1915-ல் கோகலே இறந்தபோது, அந்தச் சங்கத்துக்குத் தலைவராக உட்கார்ந்தவர் அந்த வலங்கைமான்காரர்தான். டெக்கான் பக்கம் போகும்போது அந்த வளாகத்தைக் கடந்துதான் போகிறீர்கள். ஒரு நாளாவது நின்று பாருங்கள்.

யெரவடா சிறையும் அப்படித்தான். 1932 செப்டம்பர் 24 அன்று அங்கே கையெழுத்தான பூனா ஒப்பந்தம் பெரும்பாலும் தொகுதி பற்றிய ஒப்பந்தம். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியா, பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடமா என்பதுதான் சண்டை. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் மனத்தாங்கலோடு கையெழுத்திட்டார். மாகாண சபைகளில் 148 இடம் என்று முடிவாயிற்று, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. அந்தத் தாளில் இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்து இருக்கிறது, எம்.சி. ராஜா கையெழுத்து இருக்கிறது, ராஜாஜி கையெழுத்தும் இருக்கிறது. இன்று பூனா கன்டோன்மென்ட், பிம்ப்ரி சட்டமன்ற இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. கன்டோன்மென்டிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் இந்த ஒதுக்கீட்டின் சொந்தக்காரர்கள். தங்கள் பெரியவர்கள் கையெழுத்திட்ட ஊரிலேயே அவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் நடந்த முதல் தேர்தலில் பூனா மத்தியத் தொகுதியிலிருந்து காகாசாஹேப் காட்கில் போனார். நேருவின் முதல் மந்திரிசபையில் பொதுப்பணியும் மின்சாரமும் பார்த்தவர். பூனா தெற்கிலிருந்து ஒரு பெண் போனார், இந்திரா மாய்தேவ். முதல் மக்களவையிலேயே இந்த ஊர் ஒரு பெண்ணை அனுப்பியது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? 1957-ல், மராத்தி பேசுவோருக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று ஊரே கொந்தளித்த நேரத்தில், பூனா காங்கிரஸைக் கைவிட்டது. கோவா விடுதலைக்காகப் போர்ச்சுகீசியர் சிறையில் கிடந்த சோஷலிஸ்ட் நானாசாஹேப் கோரேவை அனுப்பியது. 1962-ல் மறுபடி காங்கிரஸ், சங்கர்ராவ் மோரே. 1967-ல் மறுபடி சோஷலிஸ்ட், எஸ்.எம். ஜோஷி. 1971-ல் காங்கிரஸ் சார்பில் மோகன் தாரியா. ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு பேச்சு நடத்துங்கள் என்று சொன்னதற்காக இந்திரா காந்தி அவரை 1975-ல் மந்திரி பதவியிலிருந்து நீக்கினார். 1977-ல் அதே தாரியாவை ஜனதா ஆளாக அதே பூனா அனுப்பி வைத்தது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 1952-லிருந்து 1971 வரை ஒவ்வொரு தேர்தலிலும் பூனா தன் மனத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. எந்தக் கட்சியாலும் இந்த ஊர் தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் 2019-ல் பாதி வாக்காளர்கூட வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. 2024-ல் பாதியைக் கொஞ்சம் தாண்டினோம், அவ்வளவுதான். அந்தப் போகாத பாதியில் பட்டியலில் பெயர் இருந்தும் போகாத தமிழர்கள் உண்டு. பட்டியலிலேயே இல்லாத தமிழர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

நீங்கள் சொல்லப்போகும் சாக்குகள் எனக்குத் தெரியும், எல்லாம் நான் சொன்னவைதான்.

"ஓட்டு ஊர்ல இருக்கு." சரி, 2024 ஏப்ரல் 19 அன்று ஊருக்குப் போய்ப் போட்டீர்களா? அது வெள்ளிக்கிழமை. ரயில் டிக்கெட்டுக்கு எங்கே போவது என்று பேசாமல் இருந்தவர்களே அதிகம். அதே தம்பிகள் மே 13 அன்று பூனாவில் விடுமுறை கிடைத்ததும் லோனாவ்லாவுக்கு வண்டியை விட்டார்கள். இங்கும் இல்லை, அங்கும் இல்லை. எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேதான் ஒருவர் வாக்காளர் என்பது சட்டம். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது தவறு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு தேடி வந்தபோது ஊரில் இல்லாதவர்கள், குடிபெயர்ந்தவர்கள் பெயர்களை நீக்கினார்கள். திண்டுக்கல் ஓட்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் தம்பி, முதலில் அது இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

"நாம வெளியாளு, மூக்கை நுழைக்கக் கூடாது." இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1960-களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராக என்ன நடந்தது என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். அந்த நினைவு வீட்டுக்கு வீடு கைமாறி வந்திருக்கிறது. ஆனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1984-ல் முதன்முதலாக இங்கே ஓட்டுப் போடப் பெயர் பதியப் போனபோது, எழுத வந்தவர் கேட்டார்: "ஆட்நாவ் காய்?" குடும்பப் பெயர் என்ன என்று. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சொன்னேன். அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். என் அப்பா பூனாவைப் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடியில் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் எழுந்து போகிறேன். நாற்பது வருஷத்தில் ஒருவரும் "நீ ஏன் இங்கே வந்தாய்" என்று கேட்டதில்லை. மாறாக, விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு ஆஜோபா (தாத்தா) என்னிடம் குடிநீர் பற்றியும் அரசியல் பற்றியும் சரிசமமாகப் பேச ஆரம்பித்தார். அதுவரை நான் அவருக்கு "மதராஸி". அன்றைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரன்.

"ஒத்த ஓட்டால என்ன ஆகும்?" நாம் ஒன்றாக இருந்தால் ஒற்றை ஓட்டாக இருக்காது. கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் கோயில் திருவிழாவுக்குச் சேரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குக் காவடி தூக்கத் தெரிகிறது. மனுத் தூக்கத் தெரியவில்லை.

இப்போது வரிசையில் நின்ற தம்பிகளின் விவாதத்துக்கே வருகிறேன். தொகுதி எண்ணிக்கை மக்கள்தொகையை வைத்து முடிவாகிறது. 1962 தேர்தல் வரை நம் மாநிலத்துக்கு 41 இடம் இருந்தது, 1967-ல் 39 ஆகிவிட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியவன் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976-ல் எண்ணிக்கையை உறைய வைத்தார்கள். 2001-ல் அந்த உறைவை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். உங்கள் கவலை நியாயமானது, எனக்கும் அந்தக் கவலை உண்டு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 2027 மார்ச் 1-ஐ வைத்து எடுக்கும் கணக்கெடுப்பில் உங்கள் தலையை எங்கே எண்ணுவார்கள்? திண்டுக்கல்லில் இல்லை. எண்ணுபவர் உங்கள் வாக்கட் பிளாட்டின் கதவைத்தான் தட்டுவார். உங்களையும் உங்கள் மனைவியையும் பிள்ளையையும் மகாராஷ்டிரக் கணக்கில்தான் எழுதுவார். நாளைக்கு இந்த மாநிலத்தின் 48 இடம் கூடினால், அந்தக் கூடுதலில் உங்கள் தலையும் இருக்கும். மாவளை இரண்டாகப் பிரித்தால், பிரிக்க வைத்த லட்சங்களில் நீங்களும் ஒருவர். தலையை இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு, மை வைக்கும் விரலை மட்டும் ஊரில் விட்டுவந்தால் என்ன அர்த்தம்? உங்கள் தலையால் கிடைக்கும் இடத்துக்கு மற்றவர்கள் ஆள் அனுப்புவார்கள். நீங்கள் ரயில் டிக்கெட்டுக்குப் புலம்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

வேறு ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 8, எங்குமே இல்லை என்றால் படிவம் 6. முகவரிச் சான்றுக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ, வங்கிப் பாஸ்புக்கோ போதும். தேர்தல் ஆணையத்தின் செயலியில் உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்கு இப்போது வருஷத்தில் நான்கு தகுதி நாள் இருக்கிறது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

சங்கப் பொறுப்பாளர்களே, வருகிற ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடுங்கள். லேப்டாப் தெரிந்த இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். கூழ் வாங்குகிறவர்களிடம் கேளுங்கள்: எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், எந்தத் தொகுதி, பெயர் இருக்கிறதா? மராத்தியில் எழுதத் தடுமாறும் பெரியவர்களுக்குக் கூட இருந்து நிரப்பிக்கொடுங்கள். நான் அந்த மேஜைக்கு வருகிறேன். அப்பா பெயர் குடும்பப் பெயராகாமல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர எனக்குத்தான் தகுதி அதிகம்.

அதற்குப் பிறகு நான்கு எம்.பி.க்களையும் ஒரு முறையாவது சேர்ந்து போய்ப் பாருங்கள். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடுதல் ரயில், ஹிஞ்சவடிப் பாதை, தேஹு ரோடு குடிநீர், இப்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு எம்.பி.க்கும் தொகுதி மேம்பாட்டுக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது. யார் கேட்கிறார்களோ அவர்கள் தெருவுக்குத்தான் அது வரும். கேட்பவர் அந்தத் தொகுதி வாக்காளரா என்று முதலில் பார்ப்பார்கள். பார்க்கத்தான் செய்வார்கள்.

பூனா தொகுதி மறுபடி ஒரு நாள் காலியாகலாம். அன்றைக்கு வழக்குப் போடுகிறவர் ஒரு தமிழராக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அது நடக்காவிட்டாலும், காலியாக இருக்கிறது என்பதை மறுநாளே கவனிக்கிறவர்களாகவாவது நாம் இருக்க வேண்டும்.

அந்த வரிசையில் நின்ற திண்டுக்கல் தம்பி இதைப் படித்தால், அவருக்கு மட்டும் ஒரு வரி: உங்கள் தொகுதி மாவள், உங்கள் காஸ்தார் பெயர் மேலே இருக்கிறது. படிவம் 8-ஐ இன்றைக்கே நிரப்புங்கள், தம்பி.

அன்புடன்,
கிர்க்கியிலிருந்து ஒரு பழைய வாக்காளன்